பழையபடியே

மரகதம் டாக்கீஸை 1956இல் இருந்தபடியே திரும்பக் கட்டிய எஞ்சினியர் செங்கொடி, திறப்பு விழாவுக்குப் பட்டுப்புடவையில் வந்தாள். முகத்தைப் பார்த்தே வம்சத்தைப் படித்துவிடும் முன்வாசல் கதவு அவளுக்குத் திறக்கவில்லை.

"காலனிக்காரங்களுக்கு அப்பல்லாம் பின்வாசல்தாம்மா," என்றது கதவு, மிக மரியாதையாக.

"இந்தத் தியேட்டரைக் கட்டினதே நான்தான்!"

"தெரியும்மா. எல்லாமே பழையபடி இருக்கணும்னு நீங்கதான எழுதிக் கொடுத்தீங்க?"

"எஞ்சினியரம்மா மேடைக்கு வாங்க, பொன்னாடை காத்திருக்கு," என்று உள்ளே மைக்கில் கூப்பிட்டார்கள். கைதட்டல் கேட்டது.

செங்கொடி பின்பக்கம் போனாள். பழைய செங்கல் தடத்தை அளந்து, அங்குலம் பிசகாமல் அவளே வைத்த வாசல். அந்தக் காலத்தில் ஏன் இவ்வளவு தாழ்வாக வைத்தார்கள் என்று அளந்த அன்றைக்கு அவளுக்குப் புரியவில்லை.

கதவு உடனே திறந்தது. குனியாமல் உள்ளே போக வழியில்லை.