முழங்கைப் படம்

மருமகள் அழகு நிலையம் நடத்துகிறாள். தனக்கு சொரியாசிஸ் என்று டாக்டர் சொன்னதை, தோல் நோயாளிகளின் இணையக் குழுவில் முழங்கைப் படத்தோடு போட்டுவிட்டாள்.

மாமனார் சாப்பாட்டு மேசையிலேயே ஆரம்பித்தார்.

"குடும்ப மானத்தைக் கப்பலேத்திட்டியேம்மா. இனி உன் கடைக்கு யார் வருவா?"

"உங்களுக்கு யார் மாமா சொன்னது?"

"யாரோ சொன்னாங்க."

"ரெண்டு பேர் வர்றதை நிறுத்திட்டாங்கதான். ஆனா இது ஒட்டிக்காதுன்னு யாராவது சொல்லணும்ல? எத்தனை பேர் ஒளிச்சு வச்சுத் தவிக்கிறாங்களோ."

"அதுக்கு நீதான் கிடைச்சியா?" என்று பாதியில் எழுந்து போனார்.

மாலையில் அந்தக் குழு வழியாக அவளுக்குப் பெயரில்லாமல் ஒரு செய்தி வந்தது. ‘பல வருஷமா மறைக்கிறேன். பெத்த பிள்ளைக்கே தெரியாது. டாக்டர்கிட்ட போகக் கூச்சமா இருக்கு.’

‘கட்டாயம் போங்க. துணை வேணும்னா நானே வர்றேன்’ என்று பதில் அனுப்பினாள்.

சற்று நேரத்தில் கதவு தட்டும் சத்தம். திறந்தால், மாமனார் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டு நின்றார். முழங்கை முழுக்க வெள்ளைச் செதில்.

"எழுதினது நான்தாம்மா. நீ அந்தப் படத்தைப் போடலைன்னா இதோடவே போய்ச் சேர்ந்திருப்பேன். நாளைக்குக் கூட வர்றியா?"

"காலையிலேயே போயிடலாம் மாமா" என்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.