தப்பில்லாத நோட்டு

வீட்டுப்பாடம் முழுக்கச் சரியாக இருந்தால் பள்ளி அதை ஏற்றுக்கொள்வதில்லை. பிள்ளை போடவில்லை, வீட்டில் இருக்கும் மெஷின்தான் போட்டது என்று முத்திரை குத்தி நோட்டைத் திருப்பி அனுப்பிவிடும். மூன்றாம் வகுப்பு படிக்கும் ஜெசிந்தாவுக்கு இதுவரை பதினோரு முத்திரை விழுந்துவிட்டது. பன்னிரண்டாவது விழுந்தால் பெயரை நீக்கிவிடுவார்கள். அவள் உண்மையிலேயே கணக்கில் கெட்டிக்காரி என்பதை நிரூபிக்க எந்த வழியும் இல்லை.

அதனால் அவளுடைய அம்மா பிரிசில்லா ஒரு ஏற்பாடு செய்தாள்.

"மூணாவது கேள்வி வந்தா, விடை தெரிஞ்சாலும் தப்பா எழுதிடு. யோசிக்கவே கூடாது. கை தானா எழுதணும்."

முதல் வாரம் ஜெசிந்தா அழுதாள். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. அதற்குப் பிறகு முத்திரை விழவில்லை.

ஜூலையில் பள்ளி மாடிப்படியில் தவறி விழுந்தாள். பிரிசில்லா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். டாக்டர் பெயர் கேட்டார், குழந்தை சொன்னது. என்ன வகுப்பு என்று கேட்டார், சொன்னது. எந்தக் கை வலிக்கிறது என்று கேட்டார். இடது கை என்றது.

எக்ஸ்ரேயில் இடது கை எலும்பு நன்றாகவே இருந்தது. குழந்தையின் உதடுதான் வெளுத்துக்கொண்டே போனது.

"ஏண்டி, உண்மையில எங்கதான் வலிக்குது?" என்றாள் பிரிசில்லா.

"வலது கைம்மா. ஆனா அவர் கேட்டது மூணாவது கேள்வியாச்சே?"

பிரிசில்லா தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் இன்னொரு எக்ஸ்ரேவுக்குச் சீட்டு எழுதியபடியே, "எங்க வீட்ல அஞ்சாவது கேள்வி" என்றார்.