தத்துத் தகப்பனுக்கு ஓர் இயந்திரம்

புயலில் சாய்ந்த ஊர்க் கற்பூர மரத்தின் நான்கடி அகலப் பலகை, பத்தாண்டு காய்ந்தும் மணம் குன்றாமல், சான்யி ஊர் மரப் பட்டறையின் மாலை வெயிலில் கிடக்கிறது. பிறந்த பிள்ளைகளை அந்த மரத்துக்கே தத்துக் கொடுத்துச் சிவப்புக் கயிறு கட்டுவது ஊர் வழக்கம். மேய்சூவும் தம்பி குன்லியாங்கும் அதன் பிள்ளைகளே. பலகையைச் சமன்செய்ய எந்த இயந்திரம் வாங்குவது என்பதில்தான் இருவருக்கும் வழக்கு. "இழைப்பு மெஷினுக்கு வாய் ரெண்டடிதான்க்கா. ரெண்டா அறுத்து இழைச்சு ஒட்டிடலாம். கோடே தெரியாது," என்கிறான் அவன். "பாக்குறவனுக்குத் தெரியாது. தத்தெடுத்த அப்பன அறுத்த உனக்கு?" "நீ சொல்ற மாதிரி, பலகைக்கு மேல தண்டவாளத்துல ஓடுற மெஷின்னா ஒரு நாள் பூரா நத்தையாட்டம் ஊருமேக்கா." "ஊரட்டும். அவரு அசையாமப் படுத்திருப்பாரு, அது மேல நடக்கட்டும்." அவன் தண்டவாளத்துக்கு அகலம் பார்க்கக் குனிந்து, இரு கைகளையும் விரிக்கிறான். மூன்று பிள்ளைகள் கைகோத்தும் அன்று வளைக்க முடியாத மரம், இன்று அவன் ஒருவனின் கைகளுக்குள் அடங்கிவிடுகிறது. அளவு தெரிந்த பின்பும் அவன் நிமிரவில்லை.