கட்டிப் போட்ட ஆடு

“ஒரு வருஷம் ஓடும்னு சொன்ன பேட்டரி பன்னெண்டே நாள்ல தீந்துடுச்சு. என்னம்மா, ஏமாத்து வேலையா?”

செந்துறை உத்திராபதியின் கத்தலுக்குக் கவியா அசரவில்லை. காட்டுப்பன்றி வந்தால் போனுக்குத் தகவல் சொல்லும் ஏழு சென்சார் கம்பங்களை, வரப்பு அழிந்துபோன அவருடைய சோளக்கொல்லையின் எல்லையோரம் நட்டுக் கொடுத்தவள் அவள்தான்.

“எதுவும் அசையலன்னா கம்பம் தூங்கும் சார். அசைஞ்சாத்தான் முழிக்கும், பேட்டரி செலவாகும்.”

“அப்ப இவன் ஆடுதான்!” பக்கத்துக் கொல்லைக்காரர் ஆண்டவர் மீது பாய்ந்தார் உத்திராபதி. “கம்பத்தத் தாண்டி உள்ள நிக்குதுன்னு போன்லயே வந்துச்சு. ஆட்டக் கட்டிப் போடத் துப்பில்ல, நீயெல்லாம் எதுக்குய்யா ஆடு வளக்குற?”

“கட்டித்தான்யா கெடக்கு! ஒரு மாசமா அதே வேப்பமரம், அதே கயிறு.”

“அப்ப மிஷின் பொய் சொல்லுதா? இவன் மூஞ்சிக்கு நேரா சொல்லும்மா!”

கவியா லேப்டாப்பில் பதிவுகளைப் பார்த்தாள்.

“மிஷின் பொய் சொல்லல சார். ஆடு கட்டுன எடத்துலதான் இருக்கு. கம்பந்தான் நடந்திருக்கு. தெனம் காலைல ஏழு கம்பத்தையும் யாரோ புடுங்கி, இவர் கொல்லைப் பக்கமா ஒரு அடி தள்ளி நட்டிருக்காங்க. எடம் மாறுனா கம்பம் பக்கத்துக் கம்பத்தத் தேடித் தேடி முழிச்சே கெடக்கும். அதான் பேட்டரி போயிடுச்சு.”

உத்திராபதி கையில் ஒட்டியிருந்த மண்ணைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

ஆண்டவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

“என் ஆட்ட நான் கட்டிட்டேன்யா. நீ மொதல்ல ஒன் கம்பத்தக் கட்டிப் போடு!”