மிஞ்சிய மின்சாரம்

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் உள்ள கடையில் நின்ற புவனேந்திரன், காலையிலிருந்து கைபேசியில் ஏறியிறங்கிய கோட்டை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

“மோர்டன் வீடெண்டு போட்டிருக்கு, உங்கட வீட்டுக் கூரைச் சோலரோ அண்ணை?” புதிதாக வேலைக்குச் சேர்ந்த றமணன் எட்டிப் பார்த்தான். “அட, கோடு உச்சியில நிக்குது! நல்ல காசு வருமே?”

“வீட்டில பாவிச்சது போக, மிஞ்சி வெளியில போற கரண்டுக்குத்தானடா அரசாங்கத் திட்டத்தில காசு. இண்டைக்கு எல்லாமே வெளியில போகுது.”

“நல்லதுதானே!”

“வீட்டில ஒண்டுமே போடேல்லை எண்டெல்லோ அர்த்தம். அவ பதினொரு மணித் தேத்தண்ணி குடியாமல் இருக்கமாட்டா.”

பால் கேட்டு வந்தவருக்குப் புவனேந்திரன் பாணை எடுத்துக் கொடுத்தார்.

திடீரெனக் கோடு செங்குத்தாக விழுந்தது.

“முகிலாக்கும்,” என்றான் றமணன்.

“முகிலெண்டால் மெல்ல இறங்கும். இது தேத்தண்ணிக்குக் கேத்தில் போட்டது!” புவனேந்திரனின் முகம் மலர்ந்துவிட்டது.

“இவ்வளவு யோசிச்சதுக்கு அக்காவுக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாமே?”

“எடுக்கேலாது. விவாகரத்தாகி ரெண்டு வருஷம். வீடும் அவவுக்கு, சோலர் காசும் அவவுக்கு.”

றமணன் கைபேசியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். “அப்ப, நீங்கள் இதைப் பார்க்கிறது அவவுக்குத் தெரியாதோ?”

“வீட்டை விட்டு வெளிக்கிடேக்க நானே சொன்னனான், இதின்ர பாஸ்வேர்டை மாத்தச் சொல்லி.”

கோடு மறுபடி மேலே ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார் புவனேந்திரன்.

“இன்னும் மாத்தேல்லை.”