மூன்றாவது முனை

“வீட்டுக்கா, காடிக்கா?” என்று கேட்டான் காஜா மொய்தீன்.

“வீட்டுக்கு” என்றாள் சுபாஷினி.

“காடிக்கு” என்றான் அவள் கணவன் சிவநேசன்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன.

பினாங்கு ரோட்டில் கைபேசிச் சாமான் விற்கிற காஜாவுக்குப் புருஷன் பெண்டாட்டிச் சண்டை புதிதில்லை. “நீட்டு வயரா ஒண்ணு எடுத்துக்குங்க அக்கா. வீட்டுக்கும் ஆச்சு, காடிக்கும் ஆச்சு. சண்டையே வராதுலா” என்று சிரித்தான்.

அவர்கள் சிரிக்கவில்லை. வீடு அவளுக்கு, காடி என்கிற அந்தக் கார் அவனுக்கு என்று வக்கீல் முன்னால் பேசி முடித்தாகிவிட்டதை இவனிடம் எப்படிச் சொல்வது?

சேர்ந்து வாழ்ந்ததைப் பங்கு போடுவது ஒன்றும் சிரமமாகவே இல்லை. கட்டில், டிவி, துணி துவைக்கிற மெஷின் என்று எதை எடுத்தாலும் “நீயே வச்சுக்க”, “நீங்களே கொண்டுபோங்க” என்று அப்படியொரு தாராளம். கடைசியில் ஒரு பழைய சார்ஜர் வயரில் வந்து முட்டிக்கொண்டார்கள். மூன்று முனை உள்ள வயர். இன்று காலை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததில் ஒரு முனை பிய்ந்து கையோடு வந்துவிட்டது.

மகன் ஹரீஷ் இருந்திருந்தால் கைகொட்டிச் சிரித்திருப்பான். நாலு வயதுப் பிள்ளைக்கு எதுவும் சிரிப்புதானே. போன வருஷம் டிங்கிக் காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது.

பிய்ந்தது மூன்றாவது முனை. இந்தக் காலத்துப் போன் எதிலும் சேராத பழைய மைக்ரோ முனை. சிவநேசனுக்கு வேண்டியிருந்ததும் அது ஒன்றுதான்.

காரில் அந்த முனையில் மட்டும் சார்ஜ் ஏறுகிற ஒரு சின்ன விசிறி இருக்கிறது. கையில் பிடித்துக்கொள்கிற, முயல் காது வைத்த விசிறி. பின்சீட்டுக்கு ஏர்கோன் காற்று வரவில்லை என்று சிணுங்கிய பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தது. கடலுக்கு அக்கரையில் ஜுருவில் வேலைக்குப் போகப் பாலத்தில் ஏறும்போதெல்லாம் சிவநேசன் அதைப் பின்சீட்டில் ஓட விடுவான். அந்த விர்ரென்ற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டால்தான் அந்தப் பக்கம் போய்ச் சேர முடிகிறது.

இன்றைக்கு அவளை ஏற்றும் முன் அதைச் சீட்டுக்கு அடியில் ஒளித்துவிட்டான். பிள்ளையின் சட்டை, பொம்மை எல்லாவற்றையும் மூட்டை கட்டி அநாதை இல்லத்துக்குக் கொடுத்துவிட்டவள் அவள். இதைப் பார்த்தால் மட்டும் விட்டுவைப்பாளா? கல்நெஞ்சுக்காரி என்று அவனுக்கு உள்ளூர ஆறாத கோபம்.

கோபத்தில் அவன் அண்ணன் வீட்டோடு போய்த் தங்கிவிட்டான். சட்டை எடுக்க வந்த ஒரு சாயங்காலம், ஹரீஷின் அறைக் கதவுக்கு அடியில் மஞ்சளாக வெளிச்சம் தெரிந்தது.

“ஆளில்லாத ரூம்ல லைட் எதுக்கு?”

பார்க்கத் தாங்காமல் வாயில் வந்ததைக் கேட்டுவிட்டான். மறுநாளே அவள் வக்கீலைப் பார்க்கப் போய்விட்டாள். ஒரு கரண்டு பில்லுக்கா இத்தனை ரோஷம் என்று அவனுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

காஜா மேசைமேல் வயர்களைப் பரப்பினான். இது நூல் சுற்றினது, அறுந்தே போகாது. இது பின்சீட்டு வரைக்கும் எட்டும். இது அரை மணியில் போனை நிரப்பிவிடும். பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்வதுபோல ஒவ்வொன்றின் பெருமையையும் சொன்னான். எதிலும் மைக்ரோ முனை இல்லை. சிவநேசன் ஒவ்வொன்றாக ஒதுக்கினான்.

வாய்விட்டுக் கேட்டுவிடலாம். கேட்டால், எதற்கு என்று அவள் திரும்பிப் பார்ப்பாள். என்ன பொய் சொல்வது என்று யோசித்தபடியே தொண்டையைச் செருமினான்.

“தம்பி, மைக்ரோ முனை வச்சது இல்லையா?”

கேட்டது சுபாஷினி.

காஜா இருவர் கையிலும் இருந்த போனைப் பார்த்தான். “உங்க ரெண்டு பேரு போனுக்கும் அது தேவைப்படாதுலா அக்கா.”

“போனுக்கு இல்ல.” அவள் குரல் தாழ்ந்தது. “பிள்ளையோட வாத்து லைட்டு. அது ஒண்ணைத்தான் குடுக்க மனசு வரல. ராத்திரி அவன் ரூம்ல அது எரியாட்டி எனக்குத் தூக்கம் வராது.”

பழைய சரக்கில் கிடக்கிறதா பார்க்கிறேன் என்று காஜா உள்ளே போனான்.

சிவநேசனுக்கு அன்றைய சாயங்காலம் நினைவுக்கு வந்தது. ஆளில்லாத ரூம் என்றா சொன்னோம்? பெற்றவளிடம் போய் எப்பேர்ப்பட்ட வார்த்தையைச் சொல்லித் தொலைத்திருக்கிறோம்!

“அந்த முயல் விசிறி,” என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். “என்கிட்டதான் இருக்கு சுபா. காடியில.”

அதைக் காணோம் என்று அவள் அலமாரியெல்லாம் குடைந்தது அவனுக்குத் தெரியும். மூட்டையில் சேர்க்கத்தான் தேடுகிறாள் என்று நினைத்திருந்தான்.

அவள் கண்ணில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை.

“இன்னும் சுத்துதா?”

“சுத்துது.”

காஜா தூசி படிந்த ஒரு பொட்டலத்தைத் தட்டிக்கொண்டே வந்தான்.

“ஒண்ணே ஒண்ணுதான் கிடந்துச்சுண்ணே. இனிமே இந்த மாதிரி வராது. சொல்லுங்க, வீட்டுக்கா, காடிக்கா?”

“வீட்டுக்கு” என்றான் சிவநேசன்.

“காடிக்கு” என்றாள் சுபாஷினி.