ஒரே ஏற்றம், ஒரே இறக்கம்

“கம்பெனி ரிம்மே இருக்கட்டும். அதுல உட்கார்ற மாதிரி, இருக்கிறதுலயே பெரிய ஆஃப்-ரோடு டயரா மாட்டிடுங்க” என்றார் கார்க்காரர்.

டயர்க்கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். இப்படியொரு ஆசாமி வந்து எத்தனை நாளாயிற்று!

“காடா சார், மலையா?”

“மேடு. தினமும் ஏறி இறங்கணும். வண்டி அடிவயிறு தட்டுது.”

“ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா டயர் மட்கார்டுல உரசும், பரவாயில்லையா?”

“ஒடிக்கவே வேணாம். நேரா ஏறி, நேரா இறங்கணும்.”

ஆள் லேசுப்பட்டவர் இல்லை என்று வியந்த கடைக்காரர், டயர் மாட்டியதும் வெள்ளோட்டத்துக்குத் தாமும் தொற்றிக்கொண்டார்.

கார் ஒரு குடியிருப்புத் தெருவுக்குள் நுழைந்தது. ஒரு வீட்டு வாசலில், யானை படுத்திருப்பதுபோல் ஒரு வேகத்தடை. கார் அதில் ஏறி, தட்டாமல் இறங்கி, அந்த வீட்டு முன்னாலேயே நின்றது.

“இதுக்கா சார் இவ்வளவும்? எந்த மகராசன் இதை இவ்வளவு உசரமா போட்டது?”

கார்க்காரர் காதில் விழாததுபோல் இறங்கிப் போய் டயரைத் தடவினார்.

வாசலில் நின்ற அவர் மனைவிதான் சிரித்தார்.

“‘இன்னும் உசத்து, இன்னும் உசத்து’ன்னு பக்கத்துலயே நின்னு போட வச்சது இந்த மகராசன்தாங்க! அப்போ எங்ககிட்ட கார் இல்ல!”